வட்டி குறைந்திருக்கிறதே, இப்போதே ஃப்ளாட் வாங்கிவிடலாமா?

கேள்வி இதுதான். கணவன் மனைவி இருவருக்கும் வேலை, கைக்கு வருவது மாதம் 1.3 லட்சம், தாம்பரத்தில் 18,000 வாடகை, சேமிப்பு 19 லட்சம். பெரும்பாக்கம் பக்கம் 20 மாடிக்கு மேல் எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு புராஜெக்டில் 1,080 சதுர அடி ஃப்ளாட் 72 லட்சம், சாவி 2028 கடைசியில். இன்னொரு பக்கம் சேலையூரில் 2014இல் கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தில் 960 சதுர அடி, ரீசேல், 58 லட்சம். "ரெப்போ குறைஞ்சிருக்கு, அடுத்த மாசம் விலை ஏத்துறாங்க, இன்னைக்கே டோக்கன் போடுங்க" என்று சேல்ஸ் பையன் தினமும் போன். வாங்குவதா, காத்திருப்பதா, வாங்கினால் எது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாக்கம் வேண்டாம். சேலையூர் வீட்டின் காகிதம் சுத்தமாக இருந்தால் பேரம் பேசி வாங்கலாம், ஆனால் இந்த மாதமே ஓடிப்போய் வாங்க வேண்டியதில்லை. வங்கிகளுக்குப் பத்திரம் பார்த்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் காகிதப் பக்கம் கொஞ்சம் நீளமாகவே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த ரெப்போ கதை, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி. 2022 மே மாதம் 4 சதவீதத்தில் இருந்ததை ரிசர்வ் வங்கி ஏற்றிக்கொண்டே போய் 2023 பிப்ரவரியில் 6.5இல் நிறுத்தியது, இரண்டு வருடம் அங்கேயே வைத்திருந்தது, பிறகு 2025இல் நான்கு முறை குறைத்து டிசம்பரில் 5.25க்குக் கொண்டுவந்தது. சேல்ஸ் பையன் சொல்வதில் அந்த அளவுக்குப் பொய் இல்லை. ஆனால் வட்டி உங்களுக்கு மட்டுமா குறைந்திருக்கிறது? அதே ஃப்ளாட்டைப் பார்க்கும் எல்லோருக்கும் குறைந்திருக்கிறது, அது பில்டருக்கும் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 57.6 லட்சம் கடன், 20 வருடம். 8.5 சதவீதத்தில் இஎம்ஐ சுமார் 49,985, 7.5 சதவீதத்தில் சுமார் 46,400. மாதம் 3,600 ரூபாய் மிச்சம், நல்ல விஷயம்தான், ஆனால் வட்டி குறைந்த உற்சாகத்தில் பில்டர் விலையில் நாலரை லட்சம் ஏற்றிவிட்டால் அந்த மிச்சம் மொத்தமும் அவர் பைக்குப் போய்விடும். அதோடு வட்டி நாளை ஏறலாம், இறங்கலாம், ஃப்ளோட்டிங் கடன் என்றால் உங்கள் இஎம்ஐயும் கூடவே ஏறி இறங்கும். நீங்கள் கொடுத்த விலை மட்டும் பத்திரத்தில் எழுதினது எழுதினதுதான். அதனால் முதல் வீடு வாங்குகிறவர் பேரம் பேச வேண்டியது விலையில், வட்டியில் அரை சதவீதம் அப்புறம் கூட இன்னொரு வங்கிக்கு மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம்.

மார்க்கெட் மாறிவிட்டது என்று எல்லோரும் சொல்வது எந்த விதத்தில் உண்மை என்றால், கொரோனாவுக்குப் பிறகு பில்டர்கள் சின்ன ஃப்ளாட் கட்டுவதைக் குறைத்துவிட்டார்கள். மூன்று பெட்ரூம், கிளப் ஹவுஸ், நீச்சல் குளம் என்று போனால் லாபம் அதிகம். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், ஆனால் 'மலிவு வீடு' என்றால் 1 சதவீதம்தான் என்று 2019 ஏப்ரலில் ஒரு நல்ல சலுகை வந்தது. அதற்கு விலை 45 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், சென்னை மாதிரி பெருநகரத்தில் கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் நாம் புழங்கும் தரைப்பரப்பு) 60 சதுர மீட்டருக்குள், அதாவது 645 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். நிலம், சிமெண்ட், கூலி எல்லாம் எங்கேயோ போய்விட்டன, அந்த 45 லட்சம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் 1.8 லட்சம் வரை உண்டு, ஆனால் ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள். பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று தமிழக அரசு 2025 ஏப்ரலில் கொண்டுவந்ததும் 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குத்தான். ஆக உங்கள் மாதிரி நடுவில் இருப்பவர்களுக்கு எந்தச் சலுகையும் கிடையாது, சேல்ஸ் ஆபீசில் யாராவது 'சப்சிடி வரும் சார்' என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வருமான வரி மிச்சமாகும் என்பதும் பழைய பாட்டு. பழைய வரி முறையில் நாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. புதிய முறையில் அது இல்லை. இப்போது பெரும்பாலான சம்பளக்காரர்கள் புதிய முறைக்குத்தான் போய்விட்டார்கள், அப்பா காலத்துக் காரணத்தை வைத்துக்கொண்டு கடன் வாங்காதீர்கள்.

சரி, கைக்காசுக்கு வருவோம். 19 லட்சம் இருக்கிறது, 72 லட்சத்தில் 20 சதவீதம் 14.4 லட்சம், மீதி வங்கி தரும், அப்படித்தானே கணக்குப் போட்டிருக்கிறீர்கள்? 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள கடனுக்கு வங்கி மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி, அது சரி. ஆனால் முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் இரண்டையும் அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். புது ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை, இரண்டும் சேர்ந்து 7 சதவீதம், அது 5 லட்சத்துச் சொச்சம். ஜிஎஸ்டி 3.6 லட்சம். இதுவே 23 லட்சம் ஆகிவிட்டது. அதற்குமேல் கார் பார்க்கிங், கார்ப்பஸ் ஃபண்ட் (அசோசியேஷனின் பொது இருப்புப் பணம்), இரண்டு வருட மெயின்டனன்ஸ் முன்பணம், மின் இணைப்புக்கு ஒரு தொகை, எம்ஓடி (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைப்பது) பதிவு, வீட்டுக்குள் அலமாரி, கிச்சன், கிரில். 27 லட்சத்துக்குக் குறையாது. அப்புறம் 2028 வரை வாடகையும் கட்ட வேண்டும், கடன் பாதி கொடுத்த நிலையில் வட்டி மட்டுமே மாதம் 18,000 வரும், அதாவது இரண்டு வாடகை கட்டிக்கொண்டு ஒரு வீட்டில் இருப்பீர்கள். சாவி ஆறு மாதம் தள்ளிப்போனால் அதுவும் உங்கள் தலையில்.

'சாவி வரைக்கும் இஎம்ஐ நாங்க கட்டுறோம்' என்று ஸ்கீம் சொன்னால் இன்னும் கவனம். கடன் உங்கள் பெயரில், கட்டுவதாகச் சொன்னவர் நிறுத்திவிட்டால் வங்கி உங்களைத்தான் கேட்கும். டெல்லியைச் சுற்றி இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் மாட்டி, 2025இல் உச்ச நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கே உத்தரவிட்டது.

சேலையூர் கணக்கு: 58 லட்சத்தில் கடன் 46.4, கைக்காசு 11.6, ரீசேல் என்பதால் ஜிஎஸ்டி இல்லை, ஆனால் பதிவுச் செலவு முழு 9 சதவீதம், 5.2 லட்சம். 17 லட்சத்தை நெருங்கிவிடும். மிச்சம் 2 லட்சம், அதில் வக்கீல், எம்ஓடி, பெயிண்ட். இதனால்தான் இந்த மாதம் வேண்டாம் என்றேன். இன்னும் ஆறேழு மாதம் சேமியுங்கள். வீடு வாங்கிய மறுநாள் கையில் நான்கு மாத இஎம்ஐயாவது இல்லாமல் இருப்பது, அதுவும் இரண்டு பேர் சம்பளத்தை நம்பி இருக்கும்போது, எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தச் சேலையூர் வீடு அதற்குள் போய்விட்டால்? போகட்டும். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை அதே மாதிரி வீடு எப்போதும் விற்பனைக்கு இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம், யுடிஎஸ். பிரிபடாத மனைப் பாகம், அதாவது கட்டடம் நிற்கும் மண்ணில் உங்கள் பங்கு. ஃப்ளாட் வாங்குகிறவருக்கு நிரந்தரமாகச் சொந்தமாவது அதுதான், சுவரும் டைல்ஸும் வருஷா வருஷம் மதிப்புக் குறையும். பெரும்பாக்கம் விலைப்பட்டியலில் யுடிஎஸ் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, கேட்டிருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். 1,080 என்பதும் 'சேலபிள் ஏரியா', லிஃப்ட், படிக்கட்டு, கிளப் ஹவுஸ் பங்கெல்லாம் சேர்த்தது. கதவைத் திறந்து உள்ளே போனால் நடப்பதற்கு இருக்கும் கார்ப்பெட் ஏரியா 750 இருந்தால் பெரிது. ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒப்பந்தத்தில் கார்ப்பெட் ஏரியாவைத்தான் சொல்ல வேண்டும், விலையை அதால் வகுத்துப் பாருங்கள், சதுர அடி விலை வேறு மாதிரித் தெரியும்.

யுடிஎஸ் ஏன் புதுக் கட்டடத்தில் குறைகிறது என்பதற்குக் காரணம் விதியிலேயே இருக்கிறது. 2014இல் சென்னையில் சாதாரண கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பது, 1.5. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அதை 2 ஆக்கின, அடுக்குமாடி உயரக் கட்டடத்துக்கு 3.25, அரசுக்குப் பிரீமியம் கட்டணம் செலுத்தினால் இன்னும் கூட. ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், அப்போது 3,600 கட்டலாம், இப்போது உயரமாகப் போனால் அதே அளவு நிலத்தின் பேரில் 7,800 கட்டலாம். ஆக, அதே ஆயிரம் சதுர அடி ஃப்ளாட்டுக்குப் பின்னால் நிற்கும் மண் பாதிக்கும் கீழே போய்விட்டது. சேலையூர் வீட்டில் 500க்குப் பக்கத்தில் யுடிஎஸ் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன், பெரும்பாக்கத்தில் 300 இருந்தாலே அதிகம். இது வெறும் காகித லாபம் இல்லை. 2022ஆம் வருட தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்துவிட்டது, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் இடித்துக் கட்டலாம். 12 வீடுள்ள கட்டடத்தில் எட்டுப் பேரைச் சம்மதிக்க வைப்பது கஷ்டம்தான், ஆனால் நடக்கும். 400 வீடுள்ள டவரில்? நீங்களே சொல்லுங்கள்.

பெரும்பாக்கத்துக்கு இன்னொரு தலைவலி. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் வந்தது. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், அந்த ராம்சார் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை, அறிவியல் ஆய்வு முடியும்வரை திட்ட அனுமதி தரக்கூடாது என்றது. முன்பே அனுமதி வாங்கிய புராஜெக்டும் வழக்கில் மாட்டாது என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள், உயர் நீதிமன்றத்திலும் அந்தப் பக்கத்து புராஜெக்ட் ஒன்றின் மேல் வழக்கு ஓடியது. அந்த இடம் எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், திட்ட அனுமதி எந்தத் தேதி என்று கேளுங்கள், மழுப்பினால் அதுவே பதில். 2015இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கம் எவ்வளவு நாள் தண்ணீர் நின்றது என்று அங்கே டீக்கடை வைத்திருப்பவரைக் கேட்டாலே போதும்.

புதுசுதான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டு அங்கே பில்டர் கொடுத்திருக்கும் முடிவுத் தேதியைப் பாருங்கள். பிரோஷரில் ஒரு தேதி இருக்கும், அங்கே ஒரு வருடம் தள்ளி இன்னொரு தேதி இருக்கும், தாமதத்துக்கு வட்டி கேட்கும்போது செல்லுபடியாவது ஒப்பந்தத்தில் எழுதினதுதான். ஒப்பந்தம் போடாமல் 10 சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கக் கூடாது. ரெராவில் உத்தரவு வாங்குவது ஒன்று, அந்தப் பணத்தை வசூலிப்பது வேறொன்று, அது கலெக்டர் ஆபீஸ் வழியாக ஊர்ந்து வரும்.

இனி சேலையூர். இங்கே ரெரா உதவிக்கு வராது, எல்லாம் உங்கள் கண்தான். வில்லங்கத்தை, அதாவது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை, நீங்களே பதிவுத்துறை தளத்தில் போட்டுப் பார்க்கலாம், பெரும்பாலான ஊருக்கு 1975இலிருந்து கிடைக்கும். எல்லோரும் செய்வது என்னவென்றால் ஃப்ளாட்டுக்கு மட்டும் போட்டுவிட்டு 'ரெண்டே என்ட்ரி, க்ளீன்' என்று சந்தோஷப்படுவது. ஃப்ளாட் 2014இல் பிறந்தது, அதற்கு முன் அந்த மண் யாருடையது? அடிமனை சர்வே எண்ணுக்குக் குறைந்தது 30 வருடத்துக்குப் போடுங்கள், சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணுக்கும், சார்பதிவாளர் எல்லை மாறியிருந்தால் பழைய அலுவலகத்துக்கும் போடுங்கள்.

அதில் எதைப் பார்ப்பது? ஒவ்வொரு வரியிலும் எழுதிக் கொடுத்தவர் யார், அவர் முந்தைய வரியில் எழுதி வாங்கியவரா என்று சங்கிலி மாதிரி கோத்துக்கொண்டே வாருங்கள். நடுவில் புதுப் பெயர் திடீரென்று வந்தால் அங்கே ஒரு மரணமோ உயிலோ பவர் பத்திரமோ இருக்கிறது. மரணம் என்றால் வாரிசுச் சான்றில் உள்ள எல்லோரும், கல்யாணமாகிப் போன மகள்கள் உட்பட, கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா? பவர் என்றால் கொடுத்தவர் அந்தக் கிரயத் தேதியில் உயிரோடு இருந்தாரா? அடுத்தது அடிக்கடி வருவது. 2014இல் இப்போதைய ஓனர் கடன் வாங்கியதற்கு எம்ஓடி என்று ஒரு வரி இருக்கும். கடனை அடைத்துவிட்டேன், இதோ என்ஓசி என்று வங்கிக் கடிதத்தை நீட்டுவார். உண்மையாகவே அடைத்திருப்பார். ஆனால் வில்லங்கத்தில் அதற்கு எதிராக 'ரசீது' என்ற வரி வரவில்லை என்றால், பதிவேட்டைப் பொறுத்தவரை அந்த அடமானம் இன்னும் உயிரோடு இருக்கிறது, உங்கள் வங்கி அதைக் காட்டி நிறுத்திவிடும். பழைய வங்கிக்காரரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரவைத்து ரசீது பதிய வைப்பது ஓனர் வேலை, அதை முடித்துவிட்டு அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பட்டா, புலப்படம் (நிலத்தின் சர்வே வரைபடம்) இரண்டையும் பாருங்கள். சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் எல்லாம் ஏரிகள் நிறைந்த பக்கம், புறம்போக்கு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் கட்டடங்கள் உண்டு. அப்புறம் அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று மாடிகளை எண்ணுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மூன்று மாடிக்கு அனுமதி வாங்கி, மொட்டை மாடியில் 'பென்ட்ஹவுஸ்' என்று ஒன்றைச் சேர்த்து விற்பது இந்த ஊரில் சாதாரணம். அந்த மேல் வீட்டுக்கு யுடிஎஸ் எங்கிருந்து வந்தது? எல்லா ஃப்ளாட்டின் யுடிஎஸ்ஸையும் கூட்டினால் மனையின் அளவு வர வேண்டும், அதிகமாக வந்தால் இல்லாத மண்ணை விற்றிருக்கிறார்கள், குறைவாக வந்தால் மிச்சத்தை பில்டர் கையில் வைத்திருக்கிறார்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது கடைசி மாடி என்றால் சீலிங்கையும், கீழ் வீடு என்றால் பாத்ரூமுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் பாருங்கள், புதுப் பெயிண்ட் ஒரே ஒரு சுவரில் மட்டும் இருந்தால் ஓதம். போர் தண்ணீரை ஒரு வாய் ருசித்துப் பாருங்கள். கீழ் வீட்டுக்காரரிடம் 'மெயின்டனன்ஸ் எல்லோரும் ஒழுங்கா கட்டறாங்களா' என்று கேட்டால் அசோசியேஷன் கதை முழுசும் வந்துவிடும்.

ஓனர் ஒரு கட்டத்தில் கட்டாயம் கேட்பார்: 'பத்திரத்துல 45 போட்டுக்கலாம், மீதி கேஷா குடுத்துடுங்க, உங்களுக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் மிச்சம்.' வேண்டாம். வங்கி 45 லட்சத்துக்குத்தான் 80 சதவீதம் தரும், அந்த 13 லட்சம் ரொக்கத்துக்கு நீங்கள் எங்கே போவீர்கள்? நிலம் வீடு விற்பனையில் 20,000மோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தவறு, ரொக்கத்தைக் கையில் வாங்கிய ஓனருக்கு அதே அளவு அபராதம். 2024 ஜூலைக்குப் பிறகு வாங்கும் வீட்டை விற்கும்போது இன்டெக்சேஷனும் (வாங்கின விலையை விலைவாசிக்கு ஏற்ப ஏற்றிக் காட்டுவது) கிடையாது, 12.5 சதவீதம் நேர் வரி, இன்று குறைத்து எழுதிய 13 லட்சம் அன்றைக்கு உங்கள் லாபமாகத் தெரியும். விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீதம், 58,000 ரூபாயை ஓனருக்குத் தரும் பணத்திலிருந்து டிடிஎஸ் என்ற வரிப் பிடித்தமாகப் பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும், மறந்தால் நோட்டீஸ் உங்களுக்கு வரும். ஓனர் அமெரிக்காவில் இருக்கிறார் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு செல்லாது, பிடித்தம் பல மடங்கு அதிகம், ஆடிட்டரைப் பார்க்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

கடன் விஷயத்தில் சுருக்கமாக. வங்கி ஃப்ளோட்டிங் கடன் 2019 அக்டோபரிலிருந்து ரெப்போ மாதிரி ஒரு வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றியாக வேண்டும். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, குறைப்பு வந்து சேர நாளாகும். 46.4 லட்சத்துக்கு 7.5இல் இஎம்ஐ சுமார் 37,400 வரும், உங்கள் வருமானத்துக்கு மூச்சுத் திணறாது. வட்டி ஏறும்போது வங்கி கேட்காமலே தவணைக் காலத்தை நீட்டிவிடும், இஎம்ஐயை ஏற்றச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். தனிநபர் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனில் முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது, வருடம் ஒரு இஎம்ஐ கூடுதலாகக் கட்டினாலே 20 வருடக் கடன் 17 வருடத்துக்குள் முடிந்துவிடும்.

கடைசியாக அட்வான்ஸ். டோக்கன் என்று 50,000 ஜிபேயில் அனுப்பிவிட்டு வாட்ஸ்ஆப்பில் தம்ஸ்அப் வாங்கிக்கொள்வது ஒப்பந்தம் ஆகாது. கிரய ஒப்பந்தம் எழுதி, 'வங்கியின் சட்ட ஆய்விலோ மதிப்பீட்டிலோ கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளுக்குள் திரும்பத் தரப்படும்' என்ற வரியைச் சேருங்கள், 15 நாள் என்று போடலாம். மறுத்தால் பேரம் அங்கேயே முடிந்தது. ஒத்துக்கொண்டால் மூலப்பத்திர நகல்களை வாங்கி முதலில் வக்கீலிடம் கொடுங்கள், வங்கி வக்கீல் பார்ப்பது வங்கிக்காக, உங்களுக்கென்று தனியாக ஒருவர் வேண்டும். விலையைப் பொறுத்தவரை நான் 54இல் ஆரம்பிப்பேன்.